அக்காவும் தங்கையும் சேர்ந்து தத்தெடுக்கலாமா?

கேள்வி: நானும் அக்காவும் மணமாகாதவர்கள். சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒன்றாக இருக்கிறோம். பெற்றோரை இழந்த, எங்கள் சித்தப்பா மகளின் மூன்று வயது மகனை நாங்கள்தான் வளர்க்கிறோம். இருவரும் சேர்ந்து அவனைத் தத்தெடுக்க முடியாதாம். தம்பதியருக்குத்தான் அந்த உரிமையாம். இந்தச் சட்டத்தை எதிர்த்து இணையத்தில் கையொப்பம் திரட்டினால் பயன் உண்டா?

பதில்: கேள்விப்பட்டது சரிதான். இருவர் கூட்டாக விண்ணப்பித்தால் அவர்கள் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். 1939ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இதே விதிதான். 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஓரினச் சேர்க்கையாளர் ஒருவர் அமெரிக்காவில் வாடகைத் தாய் மூலம் பெற்ற தம் சொந்த மகனைத் தத்தெடுக்க அனுமதித்தது. அடுத்த மாதமே, சட்டத்தை மறுஆய்வு செய்வதாக அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். 2022 மே மாதம் புதிய சட்டம் நிறைவேறியது. 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அந்த வழக்கை ஒட்டி எழுந்த, எது திருமணம் என்ற வாதத்துக்கு நடுவே, ஒரே கூரையின்கீழ் பிள்ளை வளர்க்கும் அக்கா தங்கையை யாரும் நினைத்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பையனின் காரியம். சட்டம் மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள். மணமாகாத ஒருவர் தனியாக விண்ணப்பிக்கலாம். உங்களில் ஒருவர் தத்தெடுங்கள். ஆணை கிடைத்ததும் அவர் தம் உயிலில் மற்றவரைப் பாதுகாவலராக நியமிக்கட்டும். இரண்டு தாய்க்கு இது ஈடாகாதுதான். ஆனால் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் பையன் அந்தரத்தில் நிற்கமாட்டான்.

இனி எதிர்ப்பு. இணையத்தில் சேரும் கையொப்பம் நாடாளுமன்ற மனு ஆகாது. மனுவை உறுப்பினர் ஒருவர் அவையில் முன்வைக்க வேண்டும். 2017இல் உங்கள் நீ சூன் குழுத்தொகுதியின் உறுப்பினராக இருந்த லூயிஸ் இங், ஒற்றைப் பெற்றோர் வீவக வீடு பெறுவதில் உள்ள பிரச்சினை குறித்து அப்படி ஒரு மனுவைக் கொடுத்தார். அதில் கையொப்பமிட்டவர்கள் ஏழே பேர்! பத்தாயிரம் பேரின் 'லைக்' அந்த ஏழு கையொப்பத்துக்கு ஈடாகாது.

ஆகவே, உங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். சமத்துவம், உரிமை என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். அதை அவர் நிறையக் கேட்டிருப்பார். பாலர் பள்ளிப் படிவத்தை மேசையில் வையுங்கள். தாய், தந்தை என்று இரண்டு கட்டம் இருக்கும். நீங்கள் எதையும் நிரப்ப முடியாமல் விட்ட அந்த வெற்றிடத்தைக் காட்டுங்கள். பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: குழந்தைக்கு நெருங்கிய உறவினர் இருவர் ஒரே வீட்டில் வாழ்ந்தால், அவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு கிடைக்குமா? கோரிக்கை குறுகலாக இருந்தால்தான் யாராவது கையில் எடுப்பார்கள்.

பொதுவில் பேசுவதற்கென்றே இடம் ஒதுக்கப்பட்டுள்ள ஹோங் லிம் பூங்காவில் பேசலாம். குடிமக்கள் பதிவு செய்தால் போதும். வேறெங்கும் தனியாளாக அட்டை பிடித்து நின்றாலும் போலிஸ் அனுமதி தேவை, மறந்துவிடாதீர்கள்.

சந்திப்புக்கு இருவருமே போங்கள். பையனை யாரிடமாவது விட்டுச் செல்லுங்கள். வரிசை நகர நேரமாகும், அவன் தூங்கிவிடுவான்.