அபூர்வத் தோட்டா: வாங்குவதா, வீட்டில் நிரப்புவதா?

அமெரிக்க வாசகர்களின் துப்பாக்கிக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த வாரம் அவை மட்டும்.

மாமனார் கொடுத்த பழைய வின்செஸ்டர் லீவர் ரைஃபிள், .218 பீ ரகம். 50 தோட்டா உள்ள பெட்டி 80 டாலர். அதுவும் பாதி நாள் கடையில் இல்லை. சுட்ட காலிக் கூட்டில் புது ப்ரைமர் (அடித்ததும் தீப்பொறி தரும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு மூன்றையும் வைத்து வீட்டிலேயே நிரப்பினால் கால்வாசிச் செலவுதான் என்கிறார் நண்பர். வருஷத்துக்கு ஒரு பெட்டி சுட்டால் அதிகம். — மான்டானா

இந்தக் ‘கால்வாசி’ கணக்கைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பவுண்டு மருந்து 7,000 கிரெயின். உங்கள் தோட்டா போன்ற சின்ன ரகத்துக்குச் சுமார் 12 கிரெயின் என்று வைத்தாலும் ஒரு டப்பாவில் ஐந்நூறுக்கு மேல் நிரப்பலாம். ஆகவே மருந்துச் செலவு சில்லறைதான். குண்டு, ப்ரைமர் இரண்டையும் சேர்த்து நண்பர் தொகை சொல்லியிருப்பார். பித்தளைக் கூட்டைச் சேர்த்தாரா? கூட்டை அழுத்தும் ப்ரெஸ், அதற்கு வடிவம் தரும் டை செட், தராசு, அளவுகோல்? மருந்தையும் ப்ரைமரையும் தபாலில் வரவழைத்தால் அபாயப் பொருள் என்று தனிக் கட்டணம் போடுவார்களே, அது?

கருவிகளுக்கு 350 டாலர் என்று வைப்போம். கடைத் தோட்டா ஒன்று 1 டாலர் 60 சென்ட். கூடு கையில் இருந்தால் நீங்கள் நிரப்பும் தோட்டா 55 சென்ட் என்றே இருக்கட்டும். போட்ட பணம் திரும்ப 330 தோட்டாவுக்கு மேல் சுட வேண்டும். வருஷத்துக்கு ஒரு பெட்டி சுடும் உங்களுக்கு அது ஆறேழு வருஷம்! வருஷத்துக்கு நானூறு சுடுபவருக்கு முதல் வருஷத்திலேயே வந்துவிடும். இந்த இருவரில் நண்பர் யார் மாதிரி என்று கேளுங்கள்.

மிச்சம் பிடிக்க நிரப்பாதீர்கள். நிரப்பக் காரணம் வேறு: சரக்கு வராது. .218 பீ 1938 வாக்கில் வந்தது. 1950-இல் .222 ரெமிங்டன் வந்ததும் இதற்கும், இதைப் போன்ற இன்னொரு சின்ன ரகமான .22 ஹார்னெட்டுக்கும் மவுசு போய்விட்டது. இன்று கம்பெனிக்காரர்கள் எப்போதாவது ஒரு தடவை மெஷினை ஓட்டுவார்கள். அது விற்றுத் தீர்ந்தால் அடுத்தது எப்போது என்று கடைக்காரருக்கே தெரியாது. 2020-இல் ப்ரைமரும் காணாமல் போனது நினைவிருக்கும். அதனால் கண்ணில் படும்போது இரண்டு பெட்டி வாங்கிப் போடுங்கள். சுட்ட கூட்டைப் புல்லில் விடாமல் பொறுக்குங்கள். இதன் கூடு .25-20, .32-20 வம்சம் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் .32-20 கூட்டின் கழுத்தை ஒடுக்கியும் செய்துகொள்கிறார்கள். என்றைக்காவது நிரப்பினால் கூர்முனைக் குண்டு வேண்டாம்: உங்கள் ரைஃபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும், ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் ப்ரைமரில் முட்டிக்கொண்டு நிற்கும். முனை தட்டையாக இருக்க வேண்டும்.

எவ்வளவு மருந்து போடலாம்? யூடியூபில் ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார். — ஒஹாயோ

அச்சிட்ட ரீலோடிங் கையேடு வாங்குங்கள். இரண்டாவது யூடியூபரை மட்டுமல்ல, முதலாமவரையும் மறந்துவிடுங்கள்.

25 டாலர் எலெக்ட்ரானிக் தராசு போதுமா? — டெக்சஸ்

போதாது. என் மேஜை டிராயரில் ஒன்று தூங்குகிறது. ஹீட்டர் ஓடினால் ஒரு எடை, நின்றால் ஒரு எடை. ஹார்னெட் போன்ற சின்னக் கூட்டில் அரை கிரெயின் வித்தியாசமே பெரிது. பழைய மாதிரி பீம் தராசு வாங்குங்கள், பேட்டரியும் வேண்டாம்.

.25-20 கூடு 200 வாங்கினேன். என் வின்செஸ்டர் 92-இல் உள்ளே போகவே இல்லை. பையில் ‘சிங்கிள் ஷாட்’ என்று இருந்தது, ஏதோ பிராண்ட் பெயர் என்று நினைத்தேன். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். — கன்சாஸ்

அவர் ஏன் எடுக்க வேண்டும்? பையில் எழுதியதைத்தானே விற்றார்! .25-20 சிங்கிள் ஷாட் வேறு, .25-20 வின்செஸ்டர் வேறு. முன்னது நீளம், ஒல்லி. பழைய ஸ்டீவன்ஸ் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வைத்திருப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். பையைப் பிரித்துக் கொட்டாமல் அவர்களுக்கு விற்றுவிடுங்கள். அடுத்த முறை லேபிளை முழுசாகப் படியுங்கள்.

துப்பாக்கிக் கண்காட்சியில் கம்பெனிப் பெட்டியில் மூன்று பெட்டி ஹார்னெட் வாங்கினேன். நாலாவது தோட்டாவில் கூடு பிளந்தது. பெட்டிக்குள் பார்த்தால் அடிமுத்திரை (கூட்டின் அடியில் குத்திய கம்பெனிப் பெயர்) ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்று. விற்றவர் போனை எடுப்பதில்லை. — பென்சில்வேனியா

உங்கள் மேல் தப்பே இல்லை. கம்பெனிப் பெட்டியைக் காட்டி, யாரோ வீட்டில் நிரப்பியதை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். உங்கள் கண்ணும் விரலும் தப்பியதே பெரிது. மிச்சத்தில் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள். ஹார்னெட்டின் கூடு இயல்பிலேயே மெல்லியது. பலமுறை நிரப்பிய கூடு பிளக்கத்தான் செய்யும். பெட்டி, முத்திரைகள், பிளந்த கூடு எல்லாவற்றையும் படம் எடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் இன்றே ஆட்சேபம் பதியுங்கள். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. நிரப்பி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும் துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். கண்காட்சி நடத்தியவருக்கும் ஒரு நகல் போகட்டும். மேஜை வாடகை வாங்கியவருக்கு ஆள் யார் என்று தெரியும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி என்னுடையதல்ல, நண்பருடையது. என் கராஜில் அவருக்குத் தோட்டா மட்டும் நிரப்பித் தரலாமா? — நியூ ஜெர்சி

வேண்டாம் தம்பி. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். அதில் கூடு, ப்ரைமர், குண்டு, மருந்து எல்லாமே தோட்டாக் கணக்குதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்ட பிறகு கராஜைத் திறங்கள்.

சுட்ட காலித் தோட்டா ஒன்றை நினைவுக்காக கோயம்புத்தூர் எடுத்துப் போகலாமா? — அதே வாசகர்

போட்டோ எடுத்துப் போங்கள்.