வாசகர் கேள்வி – பதில்: எழுத்தறிவு மையத்துக்கு ஊரின் ஆதரவைப் பெறுவது எப்படி?

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் மையம் ஒன்றில் தன்னார்வலராகப் பாடம் நடத்துகிறேன். இருபது பேர் பெயர் கொடுத்தார்கள். இப்போது ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். “இந்த வயதில் படித்துக் கலெக்டராகப் போகிறார்களா?” என்று ஊரில் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: வராதவர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். வங்கியில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையை அவசரமாகத் தலைமுடியில் துடைத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூச்சம்தான் அவர்களை வகுப்பு வாசலிலும் நிறுத்திவிடுகிறது. ஊர் ஏளனம் செய்தால் அது இரட்டிப்பாகும். ஊரே கூடி நடத்தும் காரியம் என்றால் கரைந்துவிடும்.

புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் இதை நன்கு உணர்ந்திருந்தது. கலைக்குழுவினர் ஊர் ஊராகப் பாட்டும் நாடகமுமாகச் சென்று மக்களை அழைத்தார்கள். ஊதியம் பெறாத தொண்டர்கள் பாடம் நடத்தினார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பால், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதும் அந்த இயக்கத்தின் ஓர் அங்கமானது. ஆனா, ஆவன்னாவுக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். ஒருவர் எழுதக் கற்றது மற்றவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், எங்கே போவதற்கும் வீட்டு ஆண்களை எதிர்பார்த்திருந்த பெண், கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு தானே மிதித்துப் போனதை ஊர் முழுவதும் பார்த்தது. படிப்பினால் என்ன பயன் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதிலை எந்த மேடைப் பேச்சும் தந்திருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் ஊரிலும் பயன் கண்ணில் படவேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் உங்கள் மாணவிகள் வரிசையாக நின்று கையெழுத்திடட்டும். மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மானப் புத்தகத்தை அவர்களில் ஒருவர் எழுத்துக் கூட்டியாவது உரக்கப் படிக்கட்டும். பாடத்தையும் பட்டா, ரேஷன் அட்டை, பேருந்தின் பெயர்ப் பலகை என்று அவர்கள் அன்றாடம் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவற்றிலிருந்தே தொடங்குங்கள். வகுப்பு நேரத்தை அவர்களே முடிவு செய்யட்டும். நடவும் அறுப்பும் நடக்கும் நாட்களில் மாலை ஆறு மணிக்கு யாராலும் வர இயலாது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊர் இளைஞர் இருவர் முன்வந்தால் அதுவே பெரிய ஆதரவு. நன்கொடை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

கேள்வி: என் தாயார் மிகுந்த ஆசையோடு சேர்ந்தார். ஒரு மாதத்திலேயே, “எழுத்து மண்டையில் ஏறவில்லை” என்று நின்றுவிட்டார். வயது ஐம்பத்திரண்டு.
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் அவருடைய கண்களைப் பரிசோதியுங்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். புத்தகத்தையே பிடித்தறியாதவருக்குக் குறை கண்ணில் இருப்பது எப்படிப் புலப்படும்? தமக்கு அறிவில்லை என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார். அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ அருகில் நடக்கும் கண் சிகிச்சை முகாமுக்கோ அழைத்துச் செல்லுங்கள்; அவரோடு படித்து நின்றுபோனவர்களையும் உடன் கூட்டிச் செல்லுங்கள்.