யார் பார்வையில் எழுதுவது? – கடிதம்

வணக்கம் ஐயா. கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். மடைத் தண்ணீர்த் தகராறு ஒன்றை மூன்று பேர் பார்வையில் எழுதச் சொன்னேன். 'அவன்' இருந்த இடத்தில் 'நான்' போட்டு அப்படியே தந்துவிட்டார்கள். வாய்க்கால் பேசுவதாக எழுதியவர்கள்தான் அதிகம். தன்மை, படர்க்கை இரண்டில் எதை முதலில் கற்றுத்தர வேண்டும்?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எதை வேண்டுமானாலும் முதலில் சொல்லிக்கொடுங்கள், அதில் ஒன்றும் இல்லை. வாய்க்காலைப் பேச விட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. மரம் பேசுகிறது, பேருந்து பேசுகிறது, கிழிந்த ரூபாய் நோட்டு பேசுகிறது. இந்தத் 'தன்வரலாறு' கட்டுரையைத் தலைமுறை தலைமுறையாக எழுத வைக்கிறோம். அதில் எதற்கும் எதுவும் வேண்டியிருப்பதில்லை. எல்லாமே கடைசியில் வாத்தியார் குரலில் புத்தி சொல்லி முடியும். பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். அவர்களைப் பார்க்க விடாமல் பழக்கியது நாம்.

குறுந்தொகை 25ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். தலைவன் தன்னைக் கூடிய அன்று வேறு யாருமில்லை, ஒரு குருகு, நீர்ப்பறவை, அது மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது. கபிலர் அந்தக் குருகைப் பேச விடவில்லை. அதற்கு வேண்டியது மீன். பக்கத்தில் ஒருத்தியின் வாழ்க்கையே தீர்மானமாகிக்கொண்டிருந்தது அதன் கண்ணில் படவில்லை. ஒருவருக்கு என்ன வேண்டும், அதனால் எது அவர் கண்ணுக்குத் தப்புகிறது, இவ்வளவுதான் பார்வை.

தமிழ்நாடு–கேரள எல்லையில், வாளையாறு சோதனைச்சாவடிப் பக்கம் என் சித்தி டீக்கடை வைத்திருந்தாள். விடுமுறைக்கு நான் அங்கேதான் கிடப்பேன். வரிச் சோதனைக்கு லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். தக்காளி லாரி டிரைவர் ஒழுகும் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். கிளீனர் பையனுக்கு, டிரைவர் எப்போது கண்ணசருவார், தானும் படுக்கலாம் என்பதுதான் கவனம். சித்தி வரிசையின் வாலைப் பார்ப்பாள். வால் நீண்டால் இன்னும் கொஞ்சம் பால் வாங்கிவைக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, வரிக்காக லாரிகளை அங்கே நிறுத்துவது ஒழிந்தது. நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? சித்தி கடையை மூடினாள். அத்தனை பேர் சபித்த அந்த வரிசையில்தான் அவளுடைய இரண்டு பெண்களும் படித்தார்கள். இதை எழுதுகிறவன் சித்தியைக் கெட்டவளாக்கினால் அவன் எதையும் பார்க்கவில்லை.

சரி, உங்கள் மடைக்கு வருகிறேன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்கு மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரைத் தமிழ்நாடு தரவேண்டும் என்பது பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம். அது உங்கள் ஊரில் மேல்மடைக்காரருக்கு ஒரு கணக்கு, கடைமடைக்காரருக்கு வேறு கணக்கு. கடைமடை வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருப்பான். அவனை மேல்மடைக்காரராக எழுதச் சொல்லுங்கள். 'நான்' என்று எழுதட்டும், 'அவர்' என்று எழுதட்டும். ராத்திரியில் தண்ணீரைத் திருப்பியவருக்கு அவன் ஒரு நியாயம் கண்டுபிடிக்கும்வரை நோட்டைத் திருத்த வாங்காதீர்கள்.