மார்கழியில் நல்ல கடலோ?

அன்புள்ள அண்ணா,

உப்புவெளியில் மாமியோடு இருக்கிறேன். புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சாகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்தால் வாழ்க்கை விளங்கும் என்று எங்கோ வாசித்தேன். மூன்று கிழமையாக இருக்கிறேன்; முதுகு நோவதைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. என்னில் ஏதும் குறையா?

சு., திருகோணமலை
(கடிதம் சுருக்கப்பட்டது)

அன்புள்ள தங்கச்சி,

முதுகு நோகிறது என்றால் சரியாகத்தான் பார்க்கிறீர்கள்.

திருக்கடலூரில் சித்தப்பாவோடு நான் இருந்தது ஒரு மார்கழியில். ஆயுள் முழுக்கக் கடலுக்குப் போனவர். படுத்த அறையில் இருந்து பக்கத்து வீட்டு மதில்தான் தெரியும். விடிந்ததும் "கடல் எப்படி?" என்றார். "நல்ல கடல் சித்தப்பா" என்றேன், பாயில் கிடந்தபடியே.

"வாடைக்க நல்ல கடலோ? ஆருக்கடா கதை விடுறாய்?"

மறுநாள் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து "பெரிய அலை" என்றேன். போதவில்லை. எத்தனை வள்ளம் ஏத்திக் கிடக்கு, தண்ணி கலங்கலோ, நுரை எதுமட்டும் வருது என்று துருவினார். பிறந்ததில் இருந்து அந்தக் கரையில் திரிந்தவன் நான். 38 வயதில்தான் நின்று பார்த்தேன். கடைசிக் கிழமை விழுங்க முடியவில்லை. செவ்விளநீரில் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவேன். ஒரு விரலைத் தூக்குவார். கடலைச் சொல்லு என்று அர்த்தம்.

பிறகுதான் டேவிட் டஸ்மாவைப் பற்றி அறிந்தேன். போலந்து யூதர், 1948இல் லண்டனில் புற்றுநோயால் இறந்தவர். பக்கத்தில் இருந்து பேசிய, சாகிறவர்களைப் பராமரிக்க ஓர் இல்லம் தொடங்க நினைத்த சிசிலி சாண்டர்ஸுக்கு 500 பவுண் விட்டுப்போனார், உங்கள் இல்லத்தில் நான் ஒரு யன்னலாக இருப்பேன் என்று சொல்லி. அந்த இல்லம், செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், திறக்க 1967 ஆகிவிட்டது. சாண்டர்ஸ் யன்னலோடு நிற்கவில்லை. வலி திரும்பி வருமுன்னமே நேரத்துக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். மாமிக்கு வலி இருந்தால் முதலில் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். வலியில் முனகுகிறவருக்குக் கடலும் வேண்டாம், நாமும் வேண்டாம்.

சித்தப்பாவின் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனோம். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் உண்டாக்கியதாகச் சொல்கிற அந்த ஏழு கிணறு. வெந்நீர் தலையில் விழ எனக்கு அகோரப் பசி. வெட்கமாகத்தான் இருந்தது. இடியப்பமும் சொதியும் என்றதும் வெட்கம் போய்விட்டது.

விளங்குவது இருக்கட்டும். மாமியின் நோயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நல்லாய் இருந்த நாளில் அவ காலையில் எழும்பி முதலில் எதைப் பார்ப்பா என்று ஒரு வரியும் இல்லை. கேட்டு எழுதுங்கள்.