ஃபீனிக்ஸ் பக்கம் குடிவருகிறீர்களா? வீடு தேடுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் இது ஒரே ஊர் இல்லை. மெசா, சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி, ஸ்காட்ஸ்டேல், பியோரியா, பக்கை என்று தனித்தனி நகராட்சிகள் பாலைவனத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வேறு, பள்ளி வேறு, விதிமுறை வேறு. நான் இங்கே நெடுநாளாக இருப்பவள். வீடு விற்கும் தொழிலில் இல்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஜனவரியில் வந்து பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்யாதீர்கள். ஜனவரியில் எந்தப் பேட்டையும் சொர்க்கமாகத்தான் இருக்கும்.

அக்கா, இன்டெல்லில் வேலை கிடைத்திருக்கிறது. ஓக்கடீயோ வளாகம். மனைவி, பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள். எல்லோரும் சாண்ட்லர் என்கிறார்கள். அவாடூக்கி, கில்பர்ட் எல்லாம் பார்க்கலாமா?

எல்லோரும் சொல்வதில் காரணம் இருக்கிறது தம்பி. அந்த வளாகமே தெற்கு சாண்ட்லரில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் நிறைய, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் பக்கத்திலேயே கிடைக்கும். கில்பர்ட் அதை ஒட்டிய ஊர், வாழ்க்கையும் ஏறக்குறைய அதேதான். அவாடூக்கி கொஞ்சம் வேறு மாதிரி. அது ஃபீனிக்ஸ் நகராட்சியைச் சேர்ந்தது, ஆனால் சவுத் மவுண்டன் மலை நடுவில் நின்று அதைத் தனியாகப் பிரித்துவிடுகிறது. வீட்டை விட்டு இறங்கினால் மலைப்பாதை. முன்பு வெளியே போக ஐ-10 நெடுஞ்சாலைப் பக்கம்தான் வர வேண்டும். 2019 கடைசியில் லூப் 202 சுற்றுச்சாலை மேற்கே நீண்டபிறகு அந்தக் குறை தீர்ந்தது.

பள்ளிக்காக மட்டும் ஒரு தெருவைப் பிடித்துத் தொங்க வேண்டாம். அரிசோனாவில் இடம் இருந்தால் எல்லை தாண்டிய பொதுப்பள்ளியிலும் சேர்க்கலாம், அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் பெரும்பாலும் பள்ளிப் பேருந்து வராது. தினமும் யார் கொண்டுபோய் விடுவது என்பதை முதலில் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஒரு கோடை முடியும்வரை வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள்.

எனக்கு டிஎஸ்எம்சி சிப் ஆலையில் வேலை. நண்பர்கள் எல்லாம் சாண்ட்லரில். அங்கேயே தங்கி வந்து போகலாமா?

வேண்டாம். அந்த ஆலை ஃபீனிக்ஸின் வட கோடியில், ஐ-17 சாலையும் லூப் 303-உம் சேரும் பக்கம். தெற்கு சாண்ட்லரிலிருந்து ஒரு வழியே நாற்பது மைல் வரும். டீர் வேலி, நார்டெர்ரா, வடக்கு பியோரியா, ஆந்தம் பக்கம் பாருங்கள். நண்பர்களைச் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

சர்ப்ரைஸ், குட்இயர் பக்கம் அதே காசுக்குப் பெரிய வீடு கிடைக்கிறது. வேலை டெம்பியில். தூரம் மட்டும்தானே பிரச்சினை?

தூரத்தோடு சூரியனையும் கணக்கில் எடுங்கள். நீங்கள் சொல்வது மேற்குப் பக்கம். காலையில் கிழக்கே ஓட்டுவீர்கள், சூரியன் நேரே கண்ணில். மாலையில் மேற்கே திரும்புவீர்கள், மறுபடியும் கண்ணில். வேலை இடத்துக்குக் கிழக்கே குடியிருந்தால் இரண்டு வேளையும் முதுகில் அடிக்கும். ஐ-10 நெரிசலில் இது சின்ன விஷயமில்லை. வீட்டிலிருந்தே வேலை என்றால் மேற்குப் பக்கம் தாராளமாக வாருங்கள்.

கொலராடோ ஆறு வற்றுகிறது என்கிறார்கள். பக்கை, குயின் க்ரீக் பக்கம் புது வீடு பார்த்து வைத்திருக்கிறோம். சென்னையில் பட்டது போதும். பயப்பட வேண்டுமா?

நீங்கள் கேட்டதில் மகிழ்ச்சி. கிரானைட் கல்லின் நிறத்தைக் கேட்கிறவர்கள்கூட இதைக் கேட்பதில்லை.

இந்தப் பகுதிக்கு மூன்று வழியில் தண்ணீர் வருகிறது. ஒன்று, சால்ட், வெர்டே ஆறுகள். 1911-இல் கட்டி முடித்த ரூஸ்வெல்ட் அணையும் மற்ற அணைகளும் தேக்குகிற நீரை எஸ்ஆர்பி என்ற நீர், மின்சார நிறுவனத்தின் கால்வாய்கள் கொண்டுவருகின்றன. இரண்டு, கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் நீளக் கால்வாயில் ஏற்றிக் கொண்டுவரும் நீர். மூன்று, நிலத்தடி நீர். பழைய நகரங்களுக்கு மூன்றிலும் பங்கு இருக்கிறது. ஓரத்தில் புதிதாக வளர்ந்த ஊர்கள் பெரும்பாலும் மூன்றாவதை நம்பியவை.

1980-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி, மனைப்பிரிவு போடுகிறவர் 100 வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். 2023 ஜூனில் மாநில அரசு, நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்கு ஃபீனிக்ஸ் பகுதியில் இனி அந்தச் சான்று கிடையாது என்றது. ஏற்கெனவே சான்று வாங்கிய இடங்களை அது தொடவில்லை. அதனால் பக்கையில் பார்த்த வீட்டை உடனே விட்டுவிட வேண்டியதில்லை. அந்த மனைப்பிரிவுக்குச் சான்று இருக்கிறதா, தண்ணீர் தருவது நகராட்சியா தனியார் நிறுவனமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபீனிக்ஸ், மெசா, சாண்ட்லர், டெம்பி, கில்பர்ட், ஸ்காட்ஸ்டேல், பியோரியா போன்ற நகரங்கள் தாங்கள் தண்ணீர் தரும் பகுதி முழுவதற்கும் அந்த 100 வருடத் தகுதியை வாங்கி வைத்திருக்கின்றன. அங்கே வாங்கினால் ஒரு கவலை குறைவு.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. ஒரு நிலத்தை ஐந்து மனை வரை பிரித்தால் அது மனைப்பிரிவாகக் கணக்கில் வராது, 100 வருட விதியும் பாயாது. இப்படிப் பிரித்த மனைகளில் எழும்பிய வீடுகள் ஸ்காட்ஸ்டேலுக்கு வெளியே இருக்கும் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில் நிறைய. கிணறு இல்லாதவர்களுக்கு ஸ்காட்ஸ்டேலிலிருந்து லாரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. 2023 ஜனவரி 1 அன்று அந்த நகராட்சி அதை நிறுத்தியது. அழகான பெரிய வீடுகள். உள்ளே ஆட்கள் காகிதத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, மழைநீரைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு சட்டம் போட்டு மாற்று ஏற்பாடு வந்தது. விளம்பரத்தில் ‘லாரித் தண்ணீர்’ என்றோ ‘பங்குக் கிணறு’ என்றோ இருந்தால் எவ்வளவு மலிவானாலும் நகர்ந்துவிடுங்கள்.

வெயில் எல்லாப் பக்கமும் ஒன்றுதானே? வாஸ்துப்படி கிழக்கு வாசல் தேடுகிறோம்.

பகலில் ஏறக்குறைய ஒன்றுதான். 2023-இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 43 செல்சியஸ். வித்தியாசம் ராத்திரியில். அந்த ஜூலையில் விமான நிலையத்து வெப்பமானி தொடர்ந்து 16 இரவுகள் 90-க்குக் கீழே இறங்கவேயில்லை. சிமென்ட்டும் தாரும் பகலில் குடித்த சூட்டை விடியும்வரை கக்கும். நடு நகரத்தில் இது கடுமை. உயரத்தில் இருக்கும் கேவ் க்ரீக், ஃபவுண்டன் ஹில்ஸ் பக்கம் சில டிகிரி குறையும். ஆர்காடியா போன்ற பழைய பேட்டைகளில் இன்னும் கால்வாய் நீரைத் தோட்டத்தில் பாய்ச்சுகிறார்கள். பெரிய மரங்கள், மாலையில் வெளியே உட்காரலாம். விலைதான் கைக்கு எட்டாது.

அப்புறம் வாஸ்து. உங்கள் நம்பிக்கையைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வாசல் கிழக்கே பார்த்தால் பின்கட்டு மேற்கே பார்க்கும். இங்கே கூடத்தின் பெரிய கண்ணாடிக் கதவுகள் எல்லாம் பின்பக்கம்தான். ஜூன், ஜூலையில் பிற்பகல் முழுக்கச் சூரியன் அந்தக் கண்ணாடியில் அடிக்கும். மின்சாரமோ மாலையில்தான் விலை அதிகம். ஏபிஎஸ் மின் நிறுவனத்தின் நேரவாரித் திட்டத்தில் வார நாட்களில் 4 முதல் 7 மணி வரை உச்சக் கட்டணம். ஏபிஎஸ்ஸா எஸ்ஆர்பியா என்பது முகவரியைப் பொறுத்தது, நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. உள்ளூர்க்காரர்கள் அதனால்தான் வடக்கு, தெற்கு பார்த்த வீடுகளைத் தேடுவார்கள். வடக்கு வாசலும் வாஸ்துவுக்கு நல்லதுதானே, அதைப் பாருங்கள். கிழக்கு வாசல்தான் என்றால் பின்னால் ஆழமான கூரைத் தாழ்வாரமும், ஜன்னலுக்கு வெளியே வெயில் தடுப்புத் திரையும் இருக்கிற வீடாக எடுங்கள். எந்த வீடானாலும் மாலை 5 மணிக்கு ஒரு தடவை உள்ளே நின்று பாருங்கள், மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். போன கோடையின் மின் ரசீதைக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வருகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. கோயில் பக்கமாக வீடு எடுக்கலாமா?

அக்டோபர் கடைசியில் வரச் சொல்லுங்கள், சித்திரை பிறந்ததும் அனுப்பி வையுங்கள். கால்வாய்க்கரை நடைபாதை இருக்கிற பேட்டையாக எடுத்தால் அப்பாவுக்குக் காலை நடை நடக்கும். கில்பர்ட்டில் வாட்டர் ராஞ்ச் என்று சுத்திகரித்த நீரைத் தேக்கிய குளங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் பறவைகள் இறங்கும். அம்மாவுக்கு அந்த இடம் பிடிக்கும்.

மகா கணபதி கோயில் இருப்பது மரிக்கோபா என்ற ஊரில். அது தெற்கே தள்ளி, பினால் கவுண்டியில் இருக்கிறது, வீடும் மலிவு. ஆனால் அங்கிருந்து வேலைக்கு வர 347-ஆம் எண் சாலையைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டும், காலையில் அது நகராது. கோயிலுக்கு வாரம் ஒரு முறை போவோம், வேலைக்கு ஐந்து நாள் போகிறோம். எது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை அப்படி யோசியுங்கள்.

முக்கியமாக ஒன்று. இங்கே மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை, தூசியோடு மூச்சில் போனால் ‘வேலி ஃபீவர்’ என்ற நுரையீரல் நோய் வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது கடுமையாகும் வாய்ப்பு அதிகம். சுற்றிலும் நிலத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிற புதுப் பேட்டையில் அப்பாவைத் தங்க வைக்க வேண்டாம். புழுதிப் புயல் அன்று ஜன்னல் மூடியிருக்கட்டும். இருமலும் அசதியும் வாரக்கணக்கில் நீடித்தால் வேலி ஃபீவர் பரிசோதனையை நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள், ஊருக்குத் திரும்பியபிறகு வந்தாலும் இதைச் சொல்லுங்கள்.

எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், உள்ள பேட்டை நல்லதா?

புது வீடு என்றால் அநேகமாக அது இல்லாமல் கிடைக்காது. மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் விதிப்புத்தகத்தைப் படியுங்கள்: தெருவில் வண்டி நிறுத்தலாமா, வாடகைக்கு விடலாமா, வாசலில் என்ன வைக்கலாம். மெசாவின் ஈஸ்ட்மார்க், பக்கையின் வெர்ராடோ போன்ற பெரிய பேட்டைகளில் சாலை, பூங்காவுக்கான கடனைத் தீர்க்கத் தனி வரியும் சொத்து வரியோடு வரும். அதையும் கூட்டிப் பாருங்கள்.

ஏஎஸ்யூவில் (அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம்) படிக்க வருகிறேன், கார் இல்லை.

டெம்பியிலேயே, லைட் ரயில் பாதையை ஒட்டி எடு தம்பி. அப்பாச்சி சாலை நெடுக நிலையங்கள் உண்டு. நிலையத்திலிருந்து நிழலில் நடக்க வழி இருக்கிறதா என்று பார். செப்டம்பரில்கூட அது முக்கியம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஏசி பழுதானால் எத்தனை நாளில் சரி செய்வார்கள் என்று எழுதி வாங்கு.

சான் டான் வேலியில் மலிவாக ஒரு ஏக்கர் பார்த்தோம். தேள், பாம்பைத் தவிர வேறு ஏதாவது?

தேளுக்கு வழி இருக்கிறது. புற ஊதா விளக்கடித்தால் இருட்டில் பச்சையாக மின்னும், பிடித்துவிடலாம். அங்கே நான் பார்ப்பது நில வெடிப்பை. பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அந்தப் பக்கம் நிலம் இறங்கி, நீளமான வெடிப்புகள் விட்டிருக்கின்றன. மேலே மெல்லிய கோடாகத் தெரியும். ஒரு பெருமழை பெய்தால் பள்ளமாக வாய் பிளக்கும். அரிசோனா நிலவியல் துறை இவற்றை வரைபடமாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஏக்கரை அதில் தேடிப் பாருங்கள். கோடு மனையைத் தொட்டாலோ மிகப் பக்கத்தில் ஓடினாலோ வேறு நிலம் பார்க்கலாம்.