கேளுங்கள், சொல்கிறேன்: கவுண்டி கணக்கும் ஒரு நிமிட மைக்கும்

போன இதழில் சொத்து வரி பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன், அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. எழுதியவர்கள் எல்லாரும் கலிஃபோர்னியாக்காரர்கள், எல்லாருக்கும் கோபம் கவுண்டி மேல். அதனால் இந்தத் தடவை முழுக்க அதுதான்.

கேள்வி: சொத்து வரி கவுண்டிக்குக் கட்டுகிறோம். குப்பை அள்ளுவது, பார்க் பராமரிப்பது எல்லாம் சிட்டி. அப்புறம் கவுண்டி என்னதான் செய்கிறது? நம்மூர் கலெக்டர் ஆபீஸ் மாதிரியா? (ஒரு வாசகி, சன்னிவேல்)

பாதி சரி. மாவட்ட அளவிலான நிர்வாகம்தான், ஆனால் மேலே உட்கார்ந்திருப்பது அரசு அனுப்பிவைத்த அதிகாரி இல்லை, நீங்கள் ஓட்டுப் போட்ட 5 சூப்பர்வைசர்கள். மாநிலத்தின் 58 கவுண்டிகளில் சான் பிரான்சிஸ்கோ மட்டும் விதிவிலக்கு, அங்கே 11 பேர். ஜெயில், ஷெரிஃப் (கவுண்டிப் போலீஸ் தலைவர்), பொது ஆஸ்பத்திரி, மனநல சிகிச்சை, கைவிடப்பட்ட குழந்தைகளின் பாதுகாப்பு, மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விண்ணப்பம், தேர்தல் நடத்துவது என்று, உங்கள் வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கும்வரை கண்ணிலேயே படாத வேலைகள் எல்லாம் கவுண்டியுடையவை. குடும்பத்தில் ஒருவருக்கு ஏதாவது ஆனால்தான் அதன் வாசலுக்குப் போவோம்.

இன்னொன்று. நீங்கள் கட்டும் வரி முழுக்க கவுண்டிக்குப் போவதில்லை. வசூல் செய்வது அவர்கள்தான், ஆனால் கிட்டத்தட்ட பாதி பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போய்விடும், மிச்சத்தில் சிட்டிக்கும் பங்கு உண்டு. கவுண்டி பட்ஜெட் புத்தகத்தில் பில்லியன் கணக்கில் தெரிகிற தொகையில் பெரும்பகுதி மாநிலமும் ஃபெடரலும் 'இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்' என்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. சூப்பர்வைசர்கள் தாங்களாக அங்கே இங்கே நகர்த்தக்கூடிய பணம் அதில் சின்னத் துண்டு. பட்ஜெட் ஹியரிங்கில் (பொதுமக்கள் வந்து பேசுகிற கூட்டம்) நடக்கிற சண்டையெல்லாம் அந்தத் துண்டுக்குத்தான்.

கேள்வி: ஜூன் மாதம் பட்ஜெட் ஹியரிங் என்று நோட்டீஸ் பார்த்தேன். லீவு போட்டுவிட்டுப் போய்ப் பேசினால் ஏதாவது பலன் உண்டா? உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. (ஆர்.கே., சான் ஹோசே)

உண்மையைச் சொன்னால், ஜூனில் போனால் ரொம்ப லேட்.

என் கதையைக் கேளுங்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு கவுண்டியில் (எது என்பது வேண்டாம்) முதியோர் மையத்தின் மதிய உணவுக்குக் கொடுக்கிற பணத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எனக்குத் தெரிந்த 4 தாத்தா பாட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். காலை 9 மணிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். ஆளுக்கு 3 நிமிஷம் என்று நினைத்து, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை எல்லாம் பார்த்திருந்தேன். கூட்டம் அதிகம் என்று தலைவர் அதை 1 நிமிஷமாகக் குறைத்துவிட்டார். என் முறை வரும்போது மணி மதியம் 2 தாண்டிவிட்டது, கூட வந்த ஒரு பாட்டி நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மைக் முன்னால் பச்சை விளக்கு எரிந்தது. நான் நம்மூர் மேடைப் பழக்கத்தில் தலைவருக்கு வணக்கம், உறுப்பினர்களுக்கு வணக்கம், வாய்ப்புக்கு நன்றி, நான் இந்த ஊரில் 18 வருஷமாக இருக்கிறேன் என்று ஆரம்பித்து, 'இப்போது விஷயத்துக்கு வருகிறேன்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து பீப் அடித்தது. ஒரு சூப்பர்வைசர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நானே அந்த ஒரு நிமிஷத்தில் எதுவும் சொல்லவில்லையே.

பிறகுதான் விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. துறைகள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவது குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். கவுண்டி எக்ஸிக்யூட்டிவ் ஆபீஸ் அதை வெட்டி ஒட்டி வசந்த காலத்தில் பரிந்துரை பட்ஜெட்டாகப் போடும். ஜூன் ஹியரிங்குக்கு வருவதற்குள் 99 சதவீதம் சிமென்ட் காய்ந்துவிட்டது (இது என் கணக்கு, யாரும் அளந்தது இல்லை). அடுத்த வருஷம் நான் பிப்ரவரியில் ஒரு பக்கத்துக்கு ஈமெயில் எழுதினேன், அதுவும் சூப்பர்வைசருக்கு இல்லை, அவர் ஆபீசில் முதியோர் விவகாரம் பார்க்கிற உதவியாளருக்கு. ஒரே ஒரு கேள்வி: அந்த உணவுத் திட்டத்துக்குப் போன வருஷம் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? ஒதுக்கியதில் ஒரு பகுதி செலவே ஆகவில்லை என்று பதில் வந்தது. காரணம், வண்டி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. 'செலவாகவில்லை, அதனால் குறைக்கிறோம்' என்று துறை சொல்லியிருந்தது, 'சாப்பாட்டைக் கொண்டுபோக ஆள் இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருஷம் பணம் குறையவில்லை. என் ஈமெயிலால்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை, ஆனால் நிச்சயமாகத் தெரியாது.

உங்கள் சான்டா கிளாரா கவுண்டியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மே மாத வொர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர்கள் கூடுதலாக வேண்டும் என்று நினைப்பவற்றை 'இன்வென்டரி' என்ற பட்டியலில் சேர்ப்பார்கள், ஜூனில் அதிலிருந்து எடுத்து ஓட்டுக்கு விடுவார்கள். அந்தப் பட்டியலில் ஏறாத விஷயத்துக்கு ஜூனில் மைக்கில் அழுவது வீண். மே மாதத்துக்குள் உங்கள் சூப்பர்வைசர் ஆபீசைப் பிடியுங்கள்.

ஜூனிலும் போங்கள், போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வணக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முதல் வாக்கியத்திலேயே பக்க எண், தொகை, என்ன வேண்டும்.

கேள்வி: ஆங்கிலம் பேச வராத என் அப்பா போய்ப் பேசலாமா? அவர் கிரீன் கார்டுதான். (ஃப்ரீமாண்ட் வாசகர்)

தாராளமாக. பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. 1953 முதல் இருக்கிற பிரவுன் ஆக்ட் என்ற திறந்த கூட்டச் சட்டப்படி, கூட்டத்துக்கு வருபவர் பெயரைப் பதிந்தால்தான் உள்ளே விடுவோம் என்றுகூடச் சொல்ல முடியாது. அப்பா தமிழிலேயே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயருங்கள். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுபவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது (காதில் மாட்டும் கருவி வழியாக உடனுக்குடன் மொழிபெயர்ப்பு ஓடினால் மட்டும் இது இல்லை). ஆக, 1 நிமிஷம் என்று குறைத்தாலும் அப்பாவுக்கு 2. நம் வீட்டுப் பெரியவர்கள் 2 நிமிஷத்தில் முடிப்பார்களா என்பது வேறு கேள்வி.

கேள்வி: எங்கள் ஆரஞ்சு கவுண்டி சூப்பர்வைசரே ஜெயிலுக்குப் போய்விட்டாரே! கணக்குப் பார்க்க அத்தனை பேர் இருந்தும் எப்படி மில்லியன் கணக்கில் போனது? (எஸ்., இர்வைன்)

ஆண்ட்ரூ டோ விவகாரம். கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவிட் காலத்தில் வயதானவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் சாப்பாடு கொடுக்க வந்த பணத்தில் 1 கோடி டாலருக்கு மேல், தன் மகளுக்குத் தொடர்புள்ள ஒரு நான்-ப்ராஃபிட் அமைப்புக்குப் போகும்படி செய்தார், பதிலுக்கு 5,50,000 டாலருக்கு மேல் லஞ்சம் குடும்பத்துக்குத் திரும்பி வந்தது. 2024 அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகினார், 2025 ஜூனில் 5 வருஷ சிறைத் தண்டனை. அந்த அமைப்புக்குச் சாப்பாட்டுக்கென்று போன 93 லட்சம் டாலரில் உண்மையிலேயே சாப்பாடாக மாறியது சுமார் 15 சதவீதம் என்று அரசுத் தரப்பு சொன்னது. வியட்நாமியர்கள் அதிகம் வாழும் லிட்டில் சைகான் பகுதியில் வயதானவர்கள் சாப்பிட வேண்டிய பணம் அது, அவரும் அகதியாக வந்த வியட்நாமியர்தான். இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, எப்படிப் போனது? பூட்டை உடைத்து இல்லை, திறந்திருந்த கதவு வழியாகத்தான். அவசரக் காலம், பசியில் இருப்பவர்களுக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் ஒரு தொகையை ஒதுக்கி, உங்கள் தொகுதிக்கு எந்த அமைப்பு என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டார்கள். முழு போர்டும் (எல்லா சூப்பர்வைசர்களும் சேர்ந்த குழு) பொதுக் கூட்டத்தில் கைதூக்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த அமைப்புக்கு எவ்வளவு என்பது பொதுக் கூட்டத்தின் அஜெண்டாவில் தனி வரியாக வரவில்லை என்றால், எதிர்த்துக் கேட்க யாருக்கும் ஒரு இடமே இல்லை. வளர்ந்த பிள்ளைகளின் தொடர்பைச் சொல்லியாக வேண்டும் என்றும் அப்போது விதி இல்லை. அதோடு, அந்தச் சமயத்தில் வருஷத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல் ஃபெடரல் பணம் செலவழிக்கிற அமைப்பு தனித் தணிக்கை செய்து கொடுத்தாக வேண்டும். அந்தத் தணிக்கை வரவே இல்லை. வராத தணிக்கையை விடாமல் கேட்டிருக்க வேண்டியது கவுண்டி. எல்ஏயிஸ்ட் என்ற செய்தித் தளத்தின் நிருபர் 2023 நவம்பரில் எழுதிய பிறகுதான் ஊர் விழித்தது.

ஆரஞ்சு கவுண்டிக்கு இது முதல் தடவையும் இல்லை. 1994 டிசம்பர் 6 அன்று திவால் மனு கொடுத்த கவுண்டி அது. பொருளாளர் ராபர்ட் சிட்ரன் கவுண்டிப் பணத்தையும், அவரை நம்பிப் பள்ளிக்கூடங்களும் சிட்டிகளும் கொடுத்த பணத்தையும் வைத்து, கடனுக்கு மேல் கடன் வாங்கி வட்டி விகிதத்தின் மேல் பந்தயம் கட்டினார், 160 கோடி டாலருக்கு மேல் போனது. நல்ல வட்டி வருகிற வரைக்கும் ஒருவரும் எப்படி வருகிறது என்று கேட்கவில்லை. கேட்ட ஒருவர் உண்டு, ஜான் மூர்லாக் என்ற கணக்காளர், அந்த வருஷமே அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்று இதையே சொன்னார். தோற்றுப் போனார். திவாலான பிறகு அந்த நாற்காலி அவருக்கே வந்தது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: அஜெண்டா கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் வெளியாகும். அதில் கன்சென்ட் காலண்டர் என்று ஒரு கொத்து இருக்கும், பேச்சே இல்லாமல் மொத்தமாக ஒரே ஓட்டில் நிறைவேற்றுவார்கள். சண்டை நடக்கிற பெரிய விஷயத்தை விடுங்கள், அதற்கு டிவிக்காரர்கள் இருக்கிறார்கள். 'ஒப்பந்தம் நீட்டிப்பு, தொகை உயர்வு' என்று அந்தக் கொத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதே, அதைப் படியுங்கள்.

கேள்வி: ஷெரிஃப் டிபார்ட்மென்ட் வருஷா வருஷம் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. சூப்பர்வைசர்கள் அவரைத் தட்டிக் கேட்க முடியாதா? (செரிட்டோஸ் வாசகர்)

கேட்கலாம், ஆனால் அவர் அவர்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் இல்லை. ஷெரிஃபும் தனியாக ஓட்டு வாங்கி வந்தவர். அவருடைய துறைக்கு எவ்வளவு பணம் என்பது போர்டு கையில், அதை வைத்து எப்படிப் போலீஸ் வேலை செய்வது என்பது அவர் கையில். புலன்விசாரணையில் போர்டு குறுக்கிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மாமியார் கையில் சாவி, மருமகள் கையில் கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலேயே இது முற்றியது. அலெக்ஸ் வில்லனுவேவா ஷெரிஃபாக இருந்தபோது துறை 6.3 கோடி டாலர் பற்றாக்குறையில் முடிந்தது, 2019 அக்டோபரில் போர்டு அவர் பட்ஜெட்டில் 14.3 கோடி டாலரைத் தொட முடியாதபடி நிறுத்திவைத்தது. இந்த மாதிரி ஓட்டைக்குப் பெரும்பாலும் காரணம் ஓவர்டைம். காலி இடத்துக்கும் சேர்த்துச் சம்பளம் என்று பட்ஜெட்டில் பணம் வாங்குவார்கள், ஆளை எடுக்க மாட்டார்கள், இருப்பவரை இரட்டை ஷிஃப்ட் போட வைத்து அந்தப் பணத்தில் ஓவர்டைம் கொடுப்பார்கள், அது தாண்டிப் போகும். ஷெரிஃப் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். அதனால் எந்தத் துறையானாலும் 'ஒரு வருஷத்துக்கு மேல் காலியாக இருக்கிற பதவி எத்தனை?' என்று கேளுங்கள், துறைத் தலைவரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

ஷெரிஃபை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அப்போது போர்டுக்கு இல்லை. 2022 நவம்பரில் வாக்காளர்கள் கொடுத்தார்கள்: தக்க காரணம் இருந்து 5ல் 4 பேர் ஒத்துக்கொண்டால் ஷெரிஃபை நீக்கலாம். அதே தேர்தலில் வில்லனுவேவாவும் தோற்றார்.

கேள்வி: ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி மெஷர் ஏ-க்கு ஓட்டுக் கேட்டார்கள், போட்டேன். பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறதா? (கூப்பர்டினோ)

2025 நவம்பரில் சான்டா கிளாராவில் நிறைவேறிய விற்பனை வரி, 100 டாலருக்கு 62.5 சென்ட், 5 வருஷத்துக்கு. ஃபெடரல் அரசு மெடிகெய்டை (மெடி-காலுக்குப் பணம் வரும் தேசியத் திட்டம்) குறைத்ததால் கவுண்டி ஆஸ்பத்திரிகளில் விழுகிற பள்ளத்தை நிரப்ப என்று சொன்னார்கள். ஆனால் சட்டப்படி அது பொது வரி. இன்ன செலவுக்கு மட்டும் என்று கட்டிப்போட்ட வரியைப் போர்டு கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், பொது வரிக்குப் பாதிக்கு மேல் போதும். ஆக ஆஸ்பத்திரி என்பது வாக்குறுதி, கட்டாயம் இல்லை. வருகிற பட்ஜெட்டில் ஆஸ்பத்திரிக்குப் பொது நிதியிலிருந்து ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த தொகை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். வரிப் பணத்தை இந்தப் பக்கம் போட்டுவிட்டு, பழைய பணத்தை அந்தப் பக்கம் உருவிக்கொண்டால் கணக்கு சரியாகவே தெரியும்.

கேள்வி: ரிட்டயர் ஆகிவிட்டேன், ஆடிட்டராக 30 வருஷ அனுபவம். கோவில் கமிட்டி வேண்டாம். வேறு என்ன செய்யலாம்? (மில்பிடாஸ்)

சிவில் கிராண்ட் ஜூரிக்கு விண்ணப்பியுங்கள், உள்ளூர் அரசைக் கண்காணிக்கக் கோர்ட் அமைக்கிற குடிமக்கள் குழு அது. குடியுரிமை வேண்டும், கவுண்டியில் ஒரு வருஷமாவது இருந்திருக்க வேண்டும். பெரும்பாலான கவுண்டிகளில் 19 பேர், ஒரு வருஷப் பதவி. கவுண்டித் துறைகளின் கணக்கைக் கேட்கலாம், அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், அறிக்கை போடலாம். போர்டு 90 நாளுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலும் அந்தப் பதில் 'பரிசீலிக்கிறோம்' என்ற வகைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கவுண்டியிலேயே பல வருஷம் ஷெரிஃபாக இருந்த லாரி ஸ்மித் மேல் 2021 டிசம்பரில் குற்றச்சாட்டு கொண்டுவந்தது இந்தக் குழுதான். துப்பாக்கி பர்மிட்டை வேண்டியவர்களுக்குக் கொடுத்தார் என்பது உள்பட. 2022ல் தீர்ப்புக்குச் சில நாள் முன்னால் அவர் பதவி விலகினார், தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது.

வாரத்துக்கு 2, 3 நாள் போகும். கொடுக்கிற படி பெட்ரோலுக்குத்தான் காணும். புதுக் குழு வழக்கமாக ஜூலையில் பதவியேற்கும், அதனால் குளிர்காலத்திலேயே கோர்ட் வெப்சைட்டில் விண்ணப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.