காருக்கு எத்தனை மார்க்?

வாசகர் கேள்விகள்: வாகனம்

கேள்வி: ஒரே புதுக் காருக்கு ஒரு பத்திரிகை பத்துக்கு எட்டரை போடுகிறது, இன்னொன்று ஆறரை. யாரை நம்பி முன்பணம் கட்டுவது? (எஸ்.கே., தென்காசி)

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லாமலே இந்த வித்தியாசம் வரலாம். மார்க் எப்போது போடப்பட்டது என்று முதலில் பாருங்கள். புது மாடல் விற்பனைக்கு வருவதற்குச் சில நாட்களோ வாரங்களோ முன்பு, நிறுவனமே நிருபர்களை உதய்ப்பூர், கோவா மாதிரி ஊர்களுக்கு வரவழைத்து ஓட்டத் தருவது வழக்கம். நல்ல சாலை, டாப் வேரியன்ட், கையில் சில மணி நேரம். பல சமயம் விலைகூட அறிவித்திருக்க மாட்டார்கள். விலை தெரியாத காருக்கு ‘கொடுத்த காசுக்குத் தகுமா’ என்ற கட்டத்தில் மார்க் விழுந்திருந்தால் அது வெறும் ஊகம்.

நீங்கள் வாங்கப்போவது நடு வேரியன்ட் என்றால் ரிம் அளவும் டயரும் மாறும், சில மாடல்களில் பின்சக்கரத்து டிஸ்க் பிரேக் டிரம் ஆகிவிடும். 16 அங்குல ரிம்மில் மெத்தென்று போகிற கார், 18 அங்குலத்தில் ஒவ்வொரு குழியையும் முதுகுக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும். விமர்சனத்தில் எந்த வேரியன்ட், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதவில்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

வண்டியைச் சில நாள் வைத்திருந்து, ஜி.பி.எஸ். கருவி பொருத்தி 0–100 கி.மீ. வேகம் எடுக்கும் நேரம், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம், கேபின் சத்தம் என்று அளந்து எழுதியிருந்தால் அந்த எண்களை நம்பலாம். இதைவிட உயர்வானது பத்தாயிரம், இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எழுதும் நீண்டகால அறிக்கை. கதவு ரப்பர் கழன்றது, டச் ஸ்கிரீன் உறைந்தது, சர்வீஸுக்கு எவ்வளவு ஆனது என்பதெல்லாம் அதில்தான் வரும். ஆனால் அது வெளியாகும்போது கார் சந்தைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அவசரம் இல்லாதவருக்கு அந்த ஒரு வருடம் லாபம்தான்.

மொத்த மார்க் ஒரு சராசரி. இன்ஜினுக்கு 9, ஹேண்ட்லிங்குக்கு 9, பின் இருக்கைக்கு 5, டிக்கிக்கு 5 வாங்கிய காருக்கும் நான்கிலும் 7 வாங்கிய காருக்கும் கூட்டிக் கழித்தால் அதே 7தான். வயதான அப்பா அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ஊருக்குப் போகிறவருக்கு முதல் கார் ஆகாது. மொத்தத்தை அடித்துவிட்டு, உங்களுக்கு வேண்டிய இரண்டு மூன்று கட்டங்களை மட்டும் பாருங்கள்.

விளம்பரம் பற்றியும் சொல்ல வேண்டும். கார் நிறுவனத்தின் விளம்பரம் வரும் பத்திரிகையில் காரைக் கிழித்துத் தொங்கவிட மாட்டார்கள். அமெரிக்காவில் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ விளம்பரமே வாங்காமல், சாதாரண வாடிக்கையாளர்போல் ஷோரூமில் காசு கொடுத்துக் கார் வாங்கிச் சோதிக்கிறது. எல்லாப் பத்திரிகைக்கும் அந்த வசதி கிடையாது. அதனால் இங்கே குறையைப் பூசி மெழுகி எழுதுவார்கள், அதைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். ‘நகர ஓட்டத்துக்குப் போதுமான இன்ஜின்’ என்றால் ஹைவேயில் லாரியை முந்தத் திணறும். ‘பின் இருக்கை இருவருக்கு மிக வசதி’ என்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ‘சஸ்பென்ஷன் சற்று இறுக்கமானது’ என்றால் வேகத்தடையில் தலை கூரையைத் தொடும்.

கேள்வி: அராய் (வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) மைலேஜ் 22 என்கிறார்கள், பத்திரிகையில் 14, ஷோரூமில் ‘கண்டிப்பாக 19 வரும் சார்’. எது சரி? (ஆர்.எம்., ஈரோடு)

பதில்: ஷோரூம் எண்ணை விட்டுவிடுங்கள். அராய் சான்றிதழ் எண் சோதனைக்கூடத்தில் வண்டியை உருளை மேல் நிறுத்தி, ஏ.சி. போடாமல் எடுப்பது. அந்த ஓட்டத்தில் அதிகபட்ச வேகமே 90 கி.மீ., சராசரி சுமார் 32 கி.மீ. எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி சோதனை என்பதால் ஒரு காரை இன்னொன்றோடு ஒப்பிட உதவும், பெட்ரோல் செலவுக் கணக்குக்கு உதவாது. பத்திரிகை எண், அவர்கள் நகரத்துக்கும் ஹைவேக்கும் தனித்தனியாகக் கொடுத்திருந்தால் மட்டுமே பயன்படும்.

வாங்கிய பிறகு நீங்களே பாருங்கள். நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். குறைந்தது 300 கி.மீ. ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்க், அதே பம்ப்பில் மறுபடி நாசில் நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். நாசில் நின்ற பிறகு ‘ரவுண்டாகப் போடுங்க’ என்று சொன்னால் கணக்கு கெட்டது. டேஷ்போர்டு காட்டும் மைலேஜ் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

கேள்வி: ஐந்து ஸ்டார் பாதுகாப்பு என்றாலே போதும்தானே? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: பத்திரிகை ஸ்டாரும் மோதல் சோதனை ஸ்டாரும் வேறு வேறு. இரண்டாவதுதான் காரை நிஜமாகவே மோதவிட்டுத் தருவது. ஆனால் வருடத்தைப் பாருங்கள். டாடா நெக்ஸான் 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் என்ற சர்வதேச மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கியது பழைய விதியில். 2022-இல் விதி கடுமையானது. பக்கவாட்டு மோதல், இ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் பிடிக்கும் மின்னணு வசதி) போன்றவையும் கணக்கில் வந்தன. அதே நெக்ஸானின் புது வடிவம் 2024-இல் அந்த விதியிலும் ஐந்து எடுத்தது. பழைய விதியில் வாங்கிய எல்லாக் காரும் இப்போதும் அதே ஸ்டாரை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் என்ற நம் நாட்டு மோதல் சோதனையில் முன்பக்க மோதல் 64 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு மொத்தம் 32, குழந்தைகள் பாதுகாப்புக்கு மொத்தம் 49 மதிப்பெண். ஐந்து ஸ்டாருக்கு முறையே 27, 41 எடுத்தாக வேண்டும். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இரண்டாவது எண்ணைத் தனியாகப் பாருங்கள். இன்னொன்று: முன்பக்கச் சோதனை என்பது ஏறக்குறைய தன் எடையுள்ள வண்டியோடு மோதுவதற்குச் சமம். 900 கிலோ காரின் ஐந்தும் 1,800 கிலோ எஸ்.யூ.வி.யின் ஐந்தும் ஒன்றல்ல. பின் இருக்கையில் பெல்ட் போடாவிட்டால் எந்த ஸ்டாரும் காப்பாற்றாது.

கேள்வி: தினமும் ஊருக்குள் எட்டு கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். பத்திரிகைகள் 9 மார்க் கொடுத்த டீசல் கார் வாங்கலாமா? (ஜெ.பி., மதுரை)

பதில்: வேண்டாம். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் காரின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை எரிக்க சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அதற்கு ஹைவேயில் நிறுத்தாமல் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். எட்டு கிலோமீட்டர் சிக்னல் ஓட்டத்தில் எரிப்பு தொடங்கி பாதியில் நிற்கும். அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கி, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கும். அதைப் பார்த்து ‘ஆயில் குறையவே இல்லை’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. பிறகு எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி வேகம் எடுக்காது. நல்ல சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டிய நிருபருக்கு இது எதுவும் தெரிய வாய்ப்பில்லை. உங்களுக்குப் பெட்ரோல் போதும்.

கேள்வி: ‘ஆரம்பத் தரத்தில் முதலிடம்’ என்று விளம்பரம் வருகிறதே? (கே.வி., வேலூர்)

பதில்: ஜே.டி. பவர் அமெரிக்காவில் நடத்தும் ஆரம்பத் தர ஆய்வு, வாங்கிய முதல் 90 நாளில் நூறு கார்களுக்கு எத்தனை குறை என்று எண்ணுவது. மூன்றாம் வருடத்தில் கிளட்ச் என்ன ஆகும் என்பது அதில் வராது. எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று பொடி எழுத்தில் இருக்கும், அதையும் படியுங்கள்.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது? (எம்.எஸ்., நாகர்கோவில்)

பதில்: நீங்கள் வாங்கும் வேரியன்ட்டையே கேளுங்கள். வீட்டு ஆட்கள் நான்கு பேரோடு, மதிய வெயிலில், ஏ.சி. போட்டு ஓட்டுங்கள். கிளம்பும் முன் டயர் காற்றை ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். யார்டிலிருந்து வந்த வண்டியில் காற்று கூடுதலாக இருந்து, நல்ல சஸ்பென்ஷனும் கட்டையாகத் தெரியும். மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். ஷோரூம் பையன் காட்டும் பைபாஸை விட்டுவிட்டு உங்கள் தெருவுக்குள் கொண்டுபோய், ரிவர்ஸில் உங்கள் வாசலில் நிறுத்திப் பாருங்கள்.